பாக்கெட்டில் கிடந்த ஒரு செல்

என் தம்பியின் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. இடது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய இடம் அது. மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் வியர்த்தால் அரிக்கிறது என்கிறான். வேப் (மின் சிகரெட்) பேட்டரி வெடித்ததில் வந்தது என்று சொன்னால், "வாயில வச்சு இழுக்கும்போதா?" என்றுதான் எல்லோரும் உடனே கேட்கிறார்கள். இல்லை. வேப் அப்போது மேசை மேல் சும்மா இருந்தது. வெடித்தது அவன் பேன்ட் பாக்கெட்டில் கிடந்த மாற்று செல், அதாவது வேப்பில் போட வைத்திருந்த இன்னொரு உருளை பேட்டரி.

இதை எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்து, தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் பேசிக்கொண்டே பாக்கெட்டில் கையை விட்டு, சில்லறைக் காசுகளோடு சேர்த்து ஒரு 18650 செல்லை அள்ளி எடுத்து மேசையில் போட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவனை உட்காரவைத்துச் சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதிவிடுகிறேன். வேப்பிங் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, அது டாக்டர்கள் சொல்லவேண்டியது. எனக்குத் தெரிந்தது பேட்டரி. பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, உயிருள்ள செல்களைப் பொறுக்கி, பலவற்றை ஒன்றாக இணைத்து டார்ச்சுக்கும் சைக்கிள் விளக்குக்கும் பேட்டரி பேக் கட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம்.

அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த செல்லை நான் ஒரு வாரம் முன்பே பார்த்தேன். மேசையில் கிடந்தது, கையில் எடுத்துப் பார்த்தேன். பாசிட்டிவ் முனைப் பக்கம், மேல் விளிம்பில், ஊதா நிற பிளாஸ்டிக் உறை சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்ந்து, உள்ளே வெள்ளியாக உலோகம் தெரிந்தது. "டேய், இதை மாத்துடா" என்றேன். "சரிண்ணா" என்றான். அதோடு இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டோம். இத்தனைக்கும் அதற்கு ஒரு மாதம் முன்னால் லேப்டாப் செல் இரண்டு கொடு என்று அவன் கேட்டபோது, அது வேப்புக்கு ஆகாது, அத்தனை ஆம்ப் கரண்ட் தாங்காது என்று பெரிதாகப் பாடம் எடுத்தவன் நான். உறை பிய்ந்ததைக் கண்ணால் பார்த்தும் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். வெளியே கிளம்புவதற்காக ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். பாக்கெட்டில் சாவிக்கொத்தும் அந்த செல்லும் ஒன்றாகக் கிடந்தன, குனிந்ததில் இரண்டும் நெருக்கியிருக்க வேண்டும். "சுடுது" என்று தொடையைத் தட்டினான். அடுத்த நொடி, சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல். அப்புறம் பாக்கெட் துணியைக் கிழித்துக்கொண்டு புஸ்வாணம் மாதிரி தீ. கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தான், அதில் இரண்டு விரலும் வெந்துபோயிற்று. பேன்ட்டை உருவி எறிவதற்குள் எத்தனை நொடி ஆனது என்று எனக்குத் தெரியாது. அறை முழுக்க வெள்ளைப் புகை. இனிப்பும் காரமும் கலந்த ஒரு ரசாயன வாடை, தொண்டையைப் பிடித்தது. பிற்பாடு அந்தப் பேன்ட்டைப் பார்த்தபோது சாவிக்கொத்தில் ஒரு சாவியின் பல் செல்லின் விளிம்போடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் வைத்தது போல.

ஒரு சாவி எப்படி இதைச் செய்யும்? 18650 செல்லைப் பார்த்தால் டார்ச்சில் போடும் சாதாரண பேட்டரி மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பருமன், கொஞ்சம் உயரம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், அதுதான் பெயரிலேயே இருக்கிறது. மேலே மொட்டு பாசிட்டிவ், அடியில் தட்டை நெகட்டிவ் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அடி மட்டும் இல்லை, பக்கச் சுவர் முழுவதும், மேல் விளிம்பு மடிந்து வரும் இடம் வரைக்கும், எல்லாமே நெகட்டிவ். ஒரே உலோகக் குப்பி. பாசிட்டிவ் மொட்டுக்கும் நெகட்டிவ் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்த இடத்தைக் காப்பாற்றுவது மேலே ஒரு சின்ன இன்சுலேஷன் வளையம், அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. உறை அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள், கம்பெனி பெயர் அடிக்க என்று நினைக்கிறார்கள். அந்த விளிம்பில் அது பிய்ந்துவிட்டால் ஒரு சாவி, ஒரு காசு, சட்டையில் குத்தும் ஊக்கு, எது குறுக்கே விழுந்தாலும் ஷார்ட்தான். உறை நன்றாக இருந்தாலும் தப்பு நடக்கும், சங்கிலி மாதிரி ஏதாவது மேல்முனையையும் அடிமுனையையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும். உறை கிழிந்திருந்தால் அந்த வாய்ப்பு பல மடங்கு.

முழுதாக சார்ஜ் ஆன செல்லில் 4.2 வோல்ட் இருக்கும். விரலால் தொட்டால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பயமே வருவதில்லை. ஆனால் இந்த வகை செல்லின் உள் மின்தடை ஒரு ஓமில் நூறில் சில பங்கு மட்டுமே. சாவி குறுக்கே விழுந்தால் அந்தக் கணத்தில் நூறு ஆம்ப்புக்கு மேல்கூடப் பாயலாம். வீட்டில் ஒரு ப்ளக்குக்கு வரும் கரண்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ட் குறைவுதான், ஆனால் அத்தனை கரண்ட்டும் ஒரு கட்டைவிரல் பருமனுள்ள பொருளுக்குள் சூடாக மாறுகிறது. சாதாரண செல்கள் சிலவற்றில் மூடிக்குள் ஒரு பாதுகாப்பு வில்லை இருக்கும், அதிகச் சூடானால் கரண்டைக் கட்டுப்படுத்தும். அதிக ஆம்ப் தருவதற்காகவே செய்யப்படும் செல்கள் பலவற்றில் அதை வைப்பதில்லை, வைத்தால் அது தருகிற கரண்டே குறைந்துவிடும். வேப் பண்ணுபவர்கள் தேடித் தேடி வாங்குவது அந்த செல்லைத்தான்.

சூடு ஏற ஆரம்பித்தால் ஓர் எல்லை வரைக்கும்தான் வெளியே இருக்கும் ஷார்ட் காரணம். 100 டிகிரியை ஒட்டி உள்ளே எலக்ட்ரோடு மேலிருக்கும் பாதுகாப்புப் படலம் சிதைந்து அதுவே சூட்டைக் கக்கத் தொடங்கும். 130 டிகிரி சுமாருக்கு, பாசிட்டிவையும் நெகட்டிவையும் உள்ளே பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் படலம் உருகும். அது போனால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அதற்கு மேலே போனால் பாசிட்டிவ் பக்கத்துப் பொருளான கேத்தோடு சிதைந்து ஆக்சிஜன் விடும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. எரியவேண்டியதும் எரிக்கவேண்டியதும் ஒரே குப்பிக்குள் இருப்பதால் போர்வை போட்டு மூடினாலும் அணையாது. இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள், பிடி விட்டு ஓடிய சூடு. இந்த நிலைக்கு வந்த பிறகு நீங்கள் சாவியை எடுத்துவிட்டாலும் அது நிற்காது. தம்பி "சுடுது" என்று சொன்னதற்கும் சீறல் வந்ததற்கும் நடுவில் ஏன் இடைவெளியே இல்லை என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இந்த செல் தனியாக ஒருவர் கையில் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளே இல்லை. பழைய லேப்டாப்பிலும் பல டிரில் மெஷினிலும் இதே செல்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பேக்கிலும் ஒரு சர்க்யூட் உட்கார்ந்து வோல்டேஜ் பார்க்கிறது, கரண்ட் பார்க்கிறது, சூடு பார்க்கிறது, எல்லை தாண்டினால் துண்டிக்கிறது. மேலே கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வேறு. வேப்பில் அந்த செல்லைத் தனியாக உருவி, பாக்கெட்டில் போட்டு, வீட்டில் சார்ஜரில் செருகி, திரும்ப எடுத்து மாட்டுகிறோம். பேக்கில் இருக்கும் காவல்காரன் வேலையை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம், ஆனால் அப்படி ஒரு வேலை இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. எல்ஜி போன்ற பெரிய செல் கம்பெனிகளே, தனி செல்லை வேப்பில் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், தனி 18650 செல்களை வாங்கவே வாங்காதீர்கள் என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது.

தம்பிக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் செய்திகளில் வந்த 195 சம்பவங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அதில் 133 பேருக்குக் காயம், அவர்களில் 38 பேருக்குக் கடுமையான காயம். எப்போது நடந்தது என்று பார்த்தால், பாக்கெட்டில் இருக்கும்போது 61, பயன்படுத்தும்போது 60, சார்ஜ் ஏறும்போது 48. பாக்கெட்தான் முதலிடம்! சாதனமாக இருந்தாலும் சரி, மாற்று செல்லாக இருந்தாலும் சரி, உடம்போடு ஒட்டி இருக்கும்போதுதான் அதிகம் நடந்திருக்கிறது. அது செய்தியில் வந்த கணக்கு மட்டும். ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களை வைத்து மதிப்பிட்ட இன்னொரு ஆய்வு, 2015 முதல் 2017 வரை மூன்று வருடத்தில் அமெரிக்காவில் சுமார் 2,035 பேர் என்கிறது. செய்தியில் வராமல் போவதுதான் அதிகம். தம்பி விஷயம்கூட எந்தக் கணக்கிலும் இல்லை.

சியாட்டிலில் ஹார்பர்வியூ மருத்துவமனை டாக்டர்கள் 2015 அக்டோபரிலிருந்து 2016 ஜூன் வரை, ஒன்பதே மாதத்தில், இப்படிப்பட்ட 15 பேருக்கு சிகிச்சை செய்ததை எழுதியிருக்கிறார்கள். 80 சதவீதம் பேருக்குத் தீப்புண், 33 சதவீதம் பேருக்கு ரசாயனப் புண், 27 சதவீதம் பேருக்கு வெடித்துச் சிதறியதால் வந்த காயம். வாயருகே வெடித்தால் பல், தாடை, நாக்கு. தொடை, கை, முகம், இந்த மூன்று இடமும்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உயிரும் போயிருக்கிறது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவர், வெடித்த வேப்பின் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சஸில் 24 வயதுப் பையன், கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அறுபட்டு இறந்தான்.

ஏன் துண்டு பாய்கிறது? போனிலும் இதே லித்தியம் அயான் பேட்டரிதான், அது எரிந்தாலும் இப்படிப் பறப்பதில்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. போன் பேட்டரி தட்டையான பை மாதிரி, உப்பும், கிழியும். வேப் என்பது ஒரு குழாய், அதற்குள் ஒரு குழாய். செல் உள்ளே அழுத்தத்தை வெளியேற்றினால் வாயு போக வழி வேண்டும். பக்கச் சுவர் பலமாக இருந்து, முனை பலவீனமாக இருந்தால், முனையைப் பிய்த்துக்கொண்டு ராக்கெட் மாதிரி கிளம்பும். அந்தத் தீயணைப்பு அறிக்கையும் இந்த வடிவத்தைத்தான் குறை சொல்கிறது. அதனால் சாதனத்தின் அடியில் வாயு வெளியேறும் துளைகள் இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். ஸ்டிக்கர் ஒட்டி அந்தத் துளையை மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மாட் என்றால் தனி செல் போட்டு இயக்கும் வேப். அதில் மெக்கானிக்கல் மாட் பற்றி எழுத நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அதில் சிப் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், உள்ளே செல், மேலே காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள். பட்டனை அழுத்தினால் செல்லின் முழு பலமும் நேராக காயிலுக்குப் போகும். கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்: வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட். 4.2 வோல்ட், 0.5 ஓம் காயில் என்றால் 8.4 ஆம்ப். பரவாயில்லை. 0.2 ஓம் என்றால் 21 ஆம்ப். நல்ல 18650 செல்கள் பலவும் தொடர்ந்து தாங்குவது 20, 25 ஆம்ப்தான், ஆக இங்கேயே விளிம்புக்கு வந்துவிட்டோம். புகை நிறைய வரவேண்டும் என்று 0.1 ஓம் காயில் சுற்றினால் 42 ஆம்ப். ஒற்றை 18650 செல்லால் அதைத் தொடர்ந்து தாங்க முடியாது. பாக்கெட்டில் பட்டன் தானாக அழுந்தி மாட்டிக்கொண்டால் நிறுத்த எதுவும் இல்லை. ஃபுளோரிடாவில் இறந்தவர் பயன்படுத்தியதும் மெக்கானிக்கல் மாட்தான்.

அதிலும் ஹைப்ரிட் என்று ஒரு வகை. நடுவில் எந்தத் தட்டும் இல்லாமல் அட்டமைசரின் (காயில் உட்காரும் மேல்பாகம்) நடு ஊசி நேராக செல்லின் பாசிட்டிவ் மொட்டில் போய் உட்காரும். அந்த ஊசி வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். நீட்டாத அட்டமைசரை அதில் திருகினால், ஊசியைச் சுற்றியிருக்கும் நெகட்டிவ் மரையே செல்லின் பாசிட்டிவைத் தொட்டுவிடும். பட்டனை அழுத்தினால் காயில் வழியாகப் போகாமல் நேராக ஷார்ட். கையிலேயே வெடிக்கலாம். பல வருட அனுபவம் உள்ளவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள், ஏனென்றால் பார்வைக்கு எல்லா அட்டமைசரும் ஒரே மரை. ஓம் விதி தெரியாமல், காயிலை மீட்டரில் வைத்துப் பார்க்காமல் இதைத் தொடக்கூடாது. தெரிந்தவர்களும் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சிப் உள்ள மாட்களே எத்தனையோ இருக்கின்றன. அவை ஷார்ட் இருந்தால் இயங்காது, செல்லைத் தலைகீழாகப் போட்டாலும் பெரும்பாலும் தாங்கும், வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் நிறுத்திவிடும். ஆனால் சிப் காப்பாற்றுவது சாதனத்துக்குள் இருக்கும் செல்லை மட்டும்தான். பாக்கெட்டில் இருக்கும் செல்லுக்கு சிப் என்ன செய்யும்?

அப்புறம் போலி செல். 18650-இல் நம்பத்தகுந்த கம்பெனிகள் அடைத்திருக்கும் கொள்ளளவு பெரும்பாலும் 3,500, 3,600 எம்ஏஎச் (மில்லி ஆம்ப்-மணி) அளவோடு நின்றுவிடுகிறது. அதிக ஆம்ப் தரும் செல் என்றால் 2,500, 3,000. இந்த அளவுக் குப்பிக்குள் இரண்டையும் ஒருசேர அள்ள முடியாது, ஒன்று கூடினால் ஒன்று குறையும். ஆகவே உறையில் 5,000 என்றோ 9,900 என்றோ அச்சடித்திருந்தால், அது பொய், யோசிக்கவே வேண்டாம். எங்கோ தள்ளிய தரமற்ற செல்லுக்கோ, பழைய பேக்கிலிருந்து பிரித்த செல்லுக்கோ புது உறை மாட்டி விற்பது சர்வ சாதாரணம். எடை பார்த்தால் ஓரளவு தெரியும். அசல் 18650 பொதுவாக 45 கிராமை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருக்கும், முப்பதுகளில் காட்டினால் தூர வையுங்கள். வேப் விற்பனைக்கே தடை உள்ள இடங்களில் நிலைமை இன்னும் மோசம். கைமாறிக் கைமாறி வரும் பொருளுக்கு எந்தப் பொறுப்பாளியும் இல்லை, செல் எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

சார்ஜிங் பற்றி. 2014 வரைக்கும் நடந்த சம்பவங்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலானவை சார்ஜ் ஏறும்போதுதான் நடந்தன. அப்போதெல்லாம் பேனா மாதிரியான சின்ன வேப், அதன் மரையில் திருகும் யுஎஸ்பி சார்ஜர். கூடவே வந்த சார்ஜரை விட்டுவிட்டுக் கையில் கிடைத்ததில் எல்லாம் செருகினார்கள், உள்ளே இருந்த பேட்டரிக்கு அந்த வோல்டேஜும் கரண்டும் பொருந்தவில்லை. சிலவற்றில் முழுதானதும் நிறுத்தும் ஏற்பாடே ஒழுங்காக இல்லை. இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனாலும் தலையணைக்குப் பக்கத்தில், படுக்கை மேல், தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். தனி செல் என்றால் அதற்கென்று உள்ள நல்ல சார்ஜர், தரையிலோ ஓடு பதித்த மேடையிலோ, கண் பார்வையில். பல மாதம் டிராயரில் கிடந்து 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லைத் தட்டி எழுப்பி சார்ஜ் ஏற்றப் பார்க்கவே கூடாது. அவ்வளவு இறங்கினால் உள்ளே செம்பு கரைந்து, திரும்ப சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படியும், அதுவே பிறகு உள் ஷார்ட்டாக மாறலாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் குளிரில் சார்ஜ் போடுவதும் அதே மாதிரி ஆபத்து, அங்கே படிவது லித்தியம். இரண்டு செல் போடும் மாட் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே பயன்படுத்தி, ஒன்றாகவே சார்ஜ் போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமான செல்தான் அடி வாங்கும்.

தூக்கி எறியும் வேப்கள் வந்த பிறகு இந்தத் தனி செல் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாக்கெட் சாவி விபத்து குறையும், உண்மைதான். ஆனால் அதற்குள் இருப்பதும் லித்தியம் அயான் செல்தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் அவற்றைப் பிரித்துச் சோதித்தபோது, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் அந்த செல்கள் 450 தடவைக்கு மேல் சார்ஜ் தாங்குகின்றன என்று கண்டார்கள். அத்தனை ஆயுள் உள்ள பொருள் குப்பைத் தொட்டிக்குப் போய், குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி, அங்கே தீப்பிடிக்கிறது. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அவற்றை விற்கத் தடை, குப்பையும் தீயும் அதற்குச் சொன்ன காரணங்களில் உண்டு. வீட்டில் சிலர் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் வயரில் போன் சார்ஜரை ஒட்டி ஏற்றும் வீடியோக்களைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜ் கட்டுப்பாட்டு சர்க்யூட் இல்லாத மாடல்களில் 4.2 வோல்ட்டில் நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. வேப்பும் மாற்று செல்லும் கைப்பையில்தான், சரக்காகப் போகும் பெட்டியில் கூடாது. வேப்புக்கு இந்த விதியை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-ல் கொண்டுவந்தது. காரணம் எளிது, கைப்பையில் புகைந்தால் யாராவது பார்ப்பார்கள்.

ஒருவேளை நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன். முதலில், எடுக்கப் பார்க்காதீர்கள், துணியைக் கழற்றுங்கள். பேன்ட்டையே உருவி எறியுங்கள், வெட்கப்பட அது நேரம் இல்லை. எரியும் செல்லின் மேல் தண்ணீர் ஊற்றலாம். லித்தியம் என்றால் தண்ணீர் ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது உலோக லித்தியத்துக்கு. இந்த மாதிரி சின்ன லித்தியம் அயான் செல்லுக்குத் தண்ணீர்தான் சூட்டை இறக்கும். தூர நின்று ஊற்றவேண்டும், ஜன்னலைத் திறக்கவேண்டும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூச்சில் போகவிடக் கூடாது. புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர், ஓடும் தண்ணீர், 20 நிமிடம். நாங்கள் இரண்டு நிமிடம் காட்டிவிட்டுப் பதறிப்போய்க் கிளம்பினோம். பற்பசையோ எண்ணெயோ மையோ தடவவே கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் தீக்காயம் என்று மட்டும் சொன்னேன், பேட்டரி என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர், எதில் சுட்டது என்று திரும்பக் கேட்டு, பேட்டரி என்றதும் அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் ஒரு சின்னக் காகிதப் பட்டையை எடுத்துப் புண்ணின் ஈரத்தில் வைத்தார். அது நிறம் மாறியது. மறுபடி கழுவினார்கள், மறுபடி காகிதம், மறுபடி கழுவினார்கள். தோலில் ஒட்டிய ரசாயனம் அத்தனை நேரமும் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஆகவே வாசலிலேயே சொல்லுங்கள்: லித்தியம் பேட்டரி வெடித்த புண்.

தம்பி வேப்பை விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு சந்தோஷம், ஆனால் அது அவன் முடிவு. இப்போது சிப் உள்ள மாட், அசல் செல் இரண்டு ஜோடி, ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி குழி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. பேட்டரி இல்லாத அந்தப் பெட்டிதான் இந்த முழு விஷயத்திலும் விலை குறைந்த பொருள், கிட்டத்தட்ட இனாம். அன்றைக்கு அது எங்கள் வீட்டில் இல்லை.

மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு என் மேசைக்கு வருவான். ஒவ்வொரு செல்லையும் விளக்கின் கீழே சுழற்றிப் பார்ப்போம். நசுங்கல், துரு, கசிவு, இதில் எது இருந்தாலும் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்துக்குப் போகும் டப்பாவில் போட்டுவிடுவேன், அதற்கு மறுபேச்சு இல்லை. உறை மட்டும் கிழிந்திருந்தால் பழையதை நகத்தால் கீறி மெதுவாக உரித்து, மேலே இருக்கும் இன்சுலேஷன் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்து, சூட்டில் சுருங்கும் புது உறையை மாட்டி, தலை காயவைக்கும் டிரையரை ஓரமாகக் காட்டுவேன். ஒரே இடத்தில் காட்டக்கூடாது, செல்லைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். உறை சுருங்கி, விளிம்பில் மடிந்து, வெள்ளியாகத் தெரிந்த இடத்தை மூடும். ஒரு நிமிட வேலை.

போன தடவை கடைசி செல்லை நான் முடித்து வைத்த பிறகு அவன் அதை எடுத்து, கண்ணருகே கொண்டுபோய், மேல் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். "இங்க லேசா ஏறலைண்ணா, திரும்பக் காட்டு" என்று என்னிடமே நீட்டினான். டிரையரை மறுபடி போட்டேன்.